செகா மெகா டிரைவ் துணைக்கருவிகள்

செகா மெகா டிரைவ் துணைக்கருவிகள் என்பவை, ஜப்பானின் செகா நிறுவனம் வெளியிட்ட மெகா டிரைவ் என்னும் வீட்டு நிகழ்பட ஆட்ட இயந்திரத்தின் திறனை உயர்த்துவதற்காக அதனுடன் இணைக்கப்பட்ட வன்பொருட்கள் ஆகும். மெகா டிரைவ் 1988 அக்டோபரில் ஜப்பானிலும், 1989 ஆகஸ்டில் ஜெனிசிஸ் என்னும் பெயருடன் வட அமெரிக்காவிலும், 1990 இல் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்தது. பழைய இயந்திரத்தை வைத்துக்கொண்டே பகுதி பகுதியாக மேம்படுத்தலாம் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

அடிப்படை இயந்திரம்

மெகா டிரைவின் முதன்மைச் செயலி ஏறத்தாழ 7.6 மெகா ஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் மோட்டோரோலா 68000 ஆகும். ஒலிக்கென இசட்80 என்ற இரண்டாவது செயலி உண்டு. முதன்மை நினைவகம் 64 கிலோபைட். 512 நிறங்களிலிருந்து ஒரே நேரத்தில் 64 நிறங்கள் வரை திரையில் காட்டலாம். இந்த 64 என்ற எல்லையே பின்னர் வந்த துணைக்கருவிகளின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது.

எளிய துணைக்கருவிகள்

பவர் பேஸ் கன்வர்ட்டர் என்பது செகாவின் முந்தைய இயந்திரமான மாஸ்டர் சிஸ்டத்தின் ஆட்டங்களை மெகா டிரைவில் விளையாட உதவியது. பெரிய கருவியாகத் தோன்றினாலும் அதனுள் செயலி எதுவும் கிடையாது. மாஸ்டர் சிஸ்டத்தின் முதன்மைச் செயலியும் இசட்80 தான். அது மெகா டிரைவினுள் ஏற்கனவே இருந்ததால், இணைப்புகளை மாற்றித் தருவதும் இடைநிறுத்தப் பொத்தானைச் சேர்ப்பதும் மட்டுமே இதன் வேலை.

1993 இல் ஆறு பொத்தான் கட்டுப்படுத்தி வெளிவந்தது. முதலில் வந்த கட்டுப்படுத்தியில் மூன்று செயற்பொத்தான்களே இருந்தன. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்ற சண்டை ஆட்டங்களுக்கு ஆறு தேவைப்பட்டது. மூன்று பொத்தான் உள்ளவர்கள் குத்துக்கும் உதைக்கும் இடையே மாற ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. செலவுக்கேற்ற பயன் கிடைத்த மேம்பாடு என்று இதனைச் சொல்லலாம்.

மெகா-சி.டி.

1991 டிசம்பரில் ஜப்பானிலும், 1992 அக்டோபரில் செகா சி.டி. என்ற பெயரில் 299 டாலர் விலையில் வட அமெரிக்காவிலும் இது வெளியிடப்பட்டது. இறுவட்டு இயக்கியுடன், 12.5 மெகா ஹேர்ட்ஸ் வேகமுடைய மற்றொரு 68000 செயலியும், படங்களைச் சுழற்றவும் பெரிதாக்கவும் வல்ல சில்லும், எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிச் சில்லும் இதில் இருந்தன.

ஆனால் திரைக்குப் படம் அனுப்புவது பழைய மெகா டிரைவே என்பதால், நிறங்களின் எண்ணிக்கை உயரவில்லை. இறுவட்டின் பெருங்கொள்ளளவை நம்பி எடுக்கப்பட்ட திரைப்பட பாணி ஆட்டங்கள் 64 நிறங்களில் புள்ளி புள்ளியாகச் சிறிய சட்டத்துக்குள் தெரிந்தன. இவற்றுள் ஒன்றான நைட் டிராப், 1993 இல் அமெரிக்க செனட் அவையின் விசாரணையில் விவாதிக்கப்பட்டது. இதையடுத்து 1994 இல் ஆட்டங்களுக்கான வயதுத் தரப்படுத்தல் அமைப்பு அங்கு உருவானது.

இக்கருவி ஏறத்தாழ 22 லட்சம் விற்பனையானது. மெகா டிரைவின் விற்பனை ஏறத்தாழ 3 கோடி. அதாவது உரிமையாளர்களில் பத்தில் ஒருவரிடம் கூட இது இல்லை. கார்ட்ரிட்ஜில் வெளியிட்டால் அனைவரையும் அடையலாம் என்ற நிலையில், இதற்கென ஆட்டம் உருவாக்கத் தயாரிப்பாளர்கள் தயங்கியதில் வியப்பில்லை.

32எக்ஸ்

1994 இல் விர்ச்சுவா ரேசிங் ஆட்டத்தின் கார்ட்ரிட்ஜினுள்ளேயே முப்பரிமாணக் கணிப்புக்கான சில்லு ஒன்று வைக்கப்பட்டது. அதனால் அமெரிக்காவில் ஓர் ஆட்டத்தின் விலையே 100 டாலர் ஆனது. ஒவ்வொரு ஆட்டத்திலும் சில்லு வைப்பதை விட ஒரே துணைக்கருவியில் வைப்பது மலிவு என்பது 32எக்ஸுக்குச் சாதகமான வாதமாகும். 1994 நவம்பர் 21 அன்று 159.99 டாலர் விலையில் அது அமெரிக்காவில் வெளிவந்தது.

இதில் ஹிட்டாச்சியின் எஸ்.எச்-2 செயலிகள் இரண்டு 23 மெகா ஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கின. 32,768 நிறங்களைக் காட்ட முடிந்தது. இக்கருவி மெகா டிரைவின் கார்ட்ரிட்ஜ் துளையில் அமர்ந்தது. மெகா டிரைவின் பட வெளியீடு ஒரு கம்பி வழியாக இதனுள் வந்து, இதன் சொந்தப் படத்துடன் கலந்து தொலைக்காட்சிக்குச் சென்றது. மெகா டிரைவ், மெகா-சி.டி., 32எக்ஸ் மூன்றையும் இணைத்தவருக்கு மூன்று மின் அடாப்டர்கள் தேவைப்பட்டன. தனித்தனியே வாங்கிய விலைகளைக் கூட்டினால் புதிய இயந்திரம் ஒன்றையே வாங்கியிருக்கலாம்.

அமெரிக்க வெளியீட்டுக்கு மறுநாளே, அதே எஸ்.எச்-2 செயலிகளைக் கொண்ட சேட்டர்ன் இயந்திரம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 32எக்ஸ் ஆட்டங்கள் அதில் இயங்கா. 1995 மே மாதம் சேட்டர்ன் அமெரிக்காவுக்கும் வந்தபின், ஆறு மாதங்களுக்கு முன் பணம் செலவிட்டவர்கள் கைவிடப்பட்டதாக உணர்ந்தனர். மொத்தம் 40 ஆட்டங்களுடன் 1996 இல் 32எக்ஸின் காலம் முடிந்தது. செகா 2001 இல் ஆட்ட இயந்திரத் தயாரிப்பிலிருந்தே விலகியது. அதற்குக் காரணங்கள் பல இருப்பினும், வாடிக்கையாளர் நம்பிக்கை குலைந்ததில் 32எக்ஸுக்குப் பங்கு உண்டு என்பது பரவலான கருத்து.

பிற்காலம்

2019 இல் அனலாக் நிறுவனம் வெளியிட்ட மெகா எஸ்.ஜி. என்னும் மறு உருவாக்க இயந்திரத்தில் பழைய மெகா-சி.டி.யை நேரடியாக இணைக்கலாம். 32எக்ஸை இணைக்க இயலாது. படங்களைக் கலக்க அக்கருவிக்குத் தேவையான ஒப்புமைச் சமிக்ஞை, எண்ணிம வெளியீடு மட்டுமே உள்ள இயந்திரத்திலிருந்து கிடைக்காது.