காந்தம் இழுக்காத குப்பை

மாட்டுக்குக் காந்தம் விழுங்கக் கொடுப்பாங்க என்று முதல்முறை படித்தபோது நான் நம்பவில்லை. உண்மைதான். மாடு தீவனத்தைப் பொறுக்கிப் பார்த்துத் தின்னாது. நாக்கால் சுருட்டி விழுங்கிவிட்டு அப்புறம்தான் அசைபோடும். அமெரிக்கப் பண்ணைகளில் வைக்கோலைக் கம்பியால் கட்டிய காலத்தில், கம்பித் துண்டும் ஆணியும் தீவனத்தோடு உள்ளே போயின. வயிற்றின் இரண்டாம் அறையில் தங்கி, சுவரைக் குத்தி, சில சமயம் இதயம் வரை போயின. அதற்குத் தீர்வாக வந்ததுதான் விரல் நீளக் காந்தம். அந்த அறையிலேயே கிடந்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்து வந்த குப்பையிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. பாலித்தீன் 1933ல் இங்கிலாந்தின் ஐசிஐ ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்தது. கைப்பிடி வைத்த பைக்கு சுவீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனம் 1965ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது.

பை கம்பி மாதிரி குத்தாது, இடத்தை அடைத்துக்கொள்ளும். செரிக்காது, அடுத்த அறைக்கும் நகராது. ஒன்றோடொன்று முறுக்கி இறுகிவிடும். வயிறு உப்பியிருப்பதால் மாடு நல்லா தின்கிறது என்று தோன்றும். உண்மையில் பசியும் பாலும் குறைந்துகொண்டே வரும். வயிற்றைத் திறந்துதான் எடுக்கணும். 2019 அக்டோபரில் சென்னையில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ எடுத்தார்கள்.

சட்டம் என்ன செய்தது? மைக்ரானை அளந்தது. 1999 விதிகளில் குறைந்தபட்சத் தடிமன் 20 மைக்ரான். 2011ல் 40, 2016ல் 50, 2021ல் 75, 2022 முடிவில் 120. தடித்த பையைக் கடைக்காரர் சும்மா தரமாட்டார், குப்பை பொறுக்குபவருக்கும் காசு கிடைக்கும் என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் மாடு தடிமனைப் பார்த்தா வருது? உள்ளே இருக்கிற சோற்று வாசனைக்கு வருகிறது. முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, பையோடு விழுங்குகிறது. புட்டபர்த்தியின் கருணா சொசைட்டியும் சிலரும் 2012ல் உச்ச நீதிமன்றம் போனபோது, பைக்குத் தடை கேட்டதோடு நிற்கவில்லை. திறந்தவெளிக் குப்பையை ஒழிக்கணும், வீடு வீடாகத் தரம் பிரித்து வாங்கணும் என்றும் கேட்டார்கள். பிழை எந்த வரியில் இருக்கிறது என்று சரியாகப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

அந்த முடிச்சை வருஷக்கணக்கில் நானும் போட்டிருக்கிறேன். மிச்சச் சோற்றையும் காய்த்தோலையும் பையில் இறுக்கிக் கட்டி, சுத்தமா இருக்கோம் என்ற நினைப்போடு தெருத்தொட்டியில் போட்டேன். இப்போது வீட்டில் சமையல் கழிவுக்குத் தனி வாளி, பை கிடையாது. வாளியைத் தினம் கழுவணும், அது ஒண்ணுதான் கூடுதல் வேலை.