ஐந்நூறு வெள்ளிக்காசும் ஓர் ஏகாரமும்: லூக்கா நற்செய்தியில் மன்னிப்பும் நன்றியும்

பரிசேயன் சீமோனின் வீட்டில் விருந்து. அக்கால வழக்கப்படி விருந்தினர் கால்களைப் பின்னால் நீட்டிச் சாய்ந்தபடி பந்தியிருக்கிறார்கள். ஊரே பாவி என்று அறிந்த ஒரு பெண் அழைப்பில்லாமல் உள்ளே வந்து இயேசுவின் கால்மாட்டில் நிற்கிறாள். கையில் வெள்ளைக்கல் பரணி, அதனுள் பரிமளதைலம். தைலம் ஊற்றுவதற்கு முன்பே அவள் கண்ணீர் அவர் பாதங்களை நனைத்துவிடுகிறது. கூந்தலால் துடைக்கிறாள், முத்தமிடுகிறாள், பிறகே தைலம் பூசுகிறாள். லூக்கா 7-ஆம் அதிகாரம் (வசனங்கள் 36-50) சொல்லும் இந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

அந்த மௌனத்துக்கு லூக்கா வைக்கும் பெயர் அன்பு. மன்னிப்பைப் பெற்றவரின் நன்றியை லூக்கா ‘நன்றி’ என்ற சொல்லில் காட்டவில்லை, அன்பாகவே காட்டுகிறார் என்பதும், அவருடைய நற்செய்தியின் அமைப்பே அதற்குச் சான்று என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கடன் கணக்கு. சீமோனுக்கு இயேசு சொல்லும் உவமையில் ஒருவனுக்கு 500 தெனாரியம் கடன், மற்றவனுக்கு 50. ஒரு தெனாரியம் என்பது கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஓய்வுநாள் போக ஆண்டுக்கு ஏறக்குறைய 300 நாள் வேலை என்று கொண்டால், முதலாமவனின் கடன் ஒன்றரை ஆண்டு உழைப்புக்கும் மேல். இரண்டாமவனுடையது இரண்டு மாதக் கூலி. இருவராலும் அடைக்க முடியவில்லை. கடன் கொடுத்தவன் இருவரையும் மன்னித்துவிடுகிறான். யார் அவனிடம் அதிகம் அன்புகூருவான் என்று இயேசு கேட்க, அதிகம் மன்னிக்கப்பட்டவனே என்கிறான் சீமோன். உவமையில் மன்னிப்பு முந்தி வருகிறது. அன்பு அதன் விளைவு.

சிக்கல் 47-ஆம் வசனத்தில் வருகிறது. அவளுடைய திரளான பாவங்கள் மன்னிக்கப்பட்டதையும் அவள் மிகுதியாக அன்புகூர்ந்ததையும் ‘ஹோட்டி’ என்ற கிரேக்க இணைப்புச்சொல் கட்டுகிறது. அதை ‘ஏனெனில்’ என்று படித்தால் அவள் அன்புகூர்ந்ததால் மன்னிப்புக் கிடைத்தது என்றாகி, உவமை தலைகீழாகிவிடும். இந்த வசனத்தை வைத்துச் சீர்திருத்தக் காலத்தில் நடந்த வாதங்கள் பல. அன்பு மன்னிப்பின் காரணம் ஆகாது, அதன் அடையாளமே என்று கால்வின் வாதிட்டார். இலக்கணமும் அந்தப் பக்கமே சாய்கிறது. ‘மன்னிக்கப்பட்டிருக்கின்றன’ என்பது கிரேக்கத்தில் ஏற்கெனவே நடந்து முடிந்து நிலைத்திருப்பதைக் காட்டும் வினைவடிவம். ‘மழை பெய்திருக்கிறது, ஏனென்றால் தெரு நனைந்திருக்கிறது’ என்று நாம் பேசும்போது நனைந்த தெருவை மழைக்குக் காரணமாகச் சொல்வதில்லை, அது சான்று. பழைய தமிழ் விவிலியம் இவ்விடத்தில் ‘ஏனெனில்’ என்று எழுதாமல், ‘அன்புகூர்ந்தாளே’ என்று ஈற்றில் ஓர் ஏகாரம் மட்டும் வைத்தது. காரணம் என்று தீர்த்துச் சொல்லாமல் சான்றைச் சுட்டிக்காட்டும் அந்த ஏகாரம், நீண்ட விளக்கவுரைகள் செய்த வேலையை ஓரெழுத்தில் செய்துவிடுகிறது.

அன்பு என்ற சொல் இங்கே ஏன் வந்தது? ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ் உவமைகளைப் பற்றிய தம் நூலில் ஒரு விடை தந்தார். எபிரெயத்திலும் அரமேயத்திலும் ‘நன்றி கூறு’ என்பதற்கு நேரான தனிவினை இல்லை. ஆகவே ‘அன்புகூருதல்’ என்பது இங்கே நன்றியுணர்வையே குறிக்கிறது என்பது அவர் கருத்து. பயனுள்ள கருத்துதான். ஆனால் லூக்கா எழுதியது கிரேக்கத்தில். ‘யூகாரிஸ்தேயின்’ (நன்றி செலுத்து) என்ற வினை அவர் கைவசம் இருந்தது. அதை எங்கே பயன்படுத்துகிறார் என்று பார்த்தால் வாதம் இன்னும் கூர்மையாகிறது. 17-ஆம் அதிகாரத்தில் குணமான பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பிவந்த ஒரே ஒருவன், ஒரு சமாரியன், நன்றி செலுத்துகிறான். அடுத்த அதிகாரத்தில் ஆலயத்தில் நின்று, தான் மற்றவர்களைப்போல் இல்லாததற்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்துகிறான் ஒரு பரிசேயன். அதே வினைச்சொல்தான். அவனோ நீதிமானாக்கப்படாமல் வீடு திரும்புகிறான். வாய்நிறைய நன்றி சொன்ன பரிசேயனையும் வாயே திறக்காத பெண்ணையும் ஒரே நூலில் வைத்த ஆசிரியர், நன்றி எங்கே இருக்கிறது என்பதை வாசகரே காணும்படி செய்திருக்கிறார்.

தமிழ்ச் சொற்களும் இதை வேறு வழியில் காட்டுகின்றன. திருக்குறளின் 11-ஆம் அதிகாரம் ‘செய்ந்நன்றி அறிதல்’. அங்கே நன்றி என்பது பெற்றவர் சொல்லும் வார்த்தையைக் குறிக்கவில்லை. செய்தவர் செய்த நன்மையே நன்றி. பெற்றவருக்கு உரிய செயல் அறிதல். கிரேக்கத்தில் ‘காரிஸ்’ என்ற ஒரே சொல் கொடுப்பவரின் கிருபையையும் பெறுபவரின் நன்றியையும் குறிக்கும். உவமையில் கடனை மன்னித்ததற்கு லூக்கா எடுத்த வினையும் அந்த வேரிலிருந்தே பிறந்தது. ‘யூகாரிஸ்தியா’ அதே வேரின் கிளை. கத்தோலிக்கத் தமிழில் அதற்கு வழங்கும் சொல் ‘நற்கருணை’. பெறுபவரின் நன்றியைக் குறித்த கிரேக்கச் சொல், கொடுப்பவரின் கருணையாகத் தமிழில் உருப்பெற்றிருக்கிறது.

அறியாதவனின் கதையை மத்தேயு 18-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஊழியக்காரன் ஒருவனுக்கு அரசன் மன்னித்தது 10,000 தாலந்து, அதாவது ஏறத்தாழ 6 கோடி தெனாரியம். கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவின் ஆண்டு வருவாய் 200 தாலந்து என்கிறார் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ். அந்தக் கணக்கில் இது 50 ஆண்டு அரச வருமானம். வெளியே வந்தவன், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடன் ஊழியக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். மன்னிக்கப்பட்ட கடனில் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு அது.

வரலாற்றிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1748 மார்ச்சில் அட்லாண்டிக் புயலில் தப்பிய ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டன், அந்த நாளை வாழ்நாள் முழுதும் நன்றிநாளாக அனுசரித்தார். ஆனால் அதன்பிறகு 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அடிமைக் கப்பலுக்குத் தலைவராக இருந்தார். தொழிலை விட்டதும் உடல்நலக் குறைவால்தான். 1764-இல் இங்கிலாந்தின் ஓல்னியில் குருவானார். உலகறிந்த ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை அங்கிருந்தபோதே எழுதினார். அடிமை வணிகத்தைக் கண்டித்து, அதில் தமக்கிருந்த பங்கையும் ஒப்புக்கொண்டு அவர் நூல் வெளியிட்டது 1788-இல். ஏறக்குறைய நாற்பது நன்றிநாள்கள் கடந்திருந்தன. அவருடைய நன்றி பொய் என்று சொல்ல இடமில்லை. ஆனால் அது கப்பலின் கீழ்த்தளத்தில் சங்கிலியிட்டுக் கிடந்தவர்களை எட்ட அத்தனை காலம் ஆனது. அதற்கு விலை கொடுத்தவர்கள் அவர்களே.

திருநெல்வேலிப் பகுதிச் சபைகளில் ஸ்தோத்திரப் பண்டிகை என்றால் வாழைத்தாரும் பூசணியும் கால் கட்டிய சேவலும் ஆலய வளாகத்தில் ஏலம் போகும். விளைச்சலுக்கு நன்றி சொல்லக் கையில் கொண்டுவர ஒரு பொருள் இருக்கிறது. மன்னிப்புக்கு அப்படி எதுவும் இல்லை. லூக்காவைக் கவனித்துப் படிப்பவர் மன்னிப்புக்கான நன்றியை ஏலத்தில் தேடமாட்டார். அசனம் என்னும் பொது விருந்தின் பந்தியில் தேடுவார். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன இரண்டு குடும்பங்கள் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்திருக்க, ஒரே வாளியிலிருந்து இரண்டு இலைக்கும் சோறு விழுகிற இடம் அது.