வேலூரைக் கலக்கிய ஒரு தொப்பி

தமிழில் தலையைச் சுற்றித்தான் எத்தனை வழக்கு பாருங்கள்! ஏமாற்றினால் 'குல்லா போட்டுட்டான்'. வியாபாரம் நொடித்தால் 'தலையில துண்டு'. கோயில் மரியாதை என்றால் பரிவட்டம். (பி.காம். படிப்பவனுக்கு இரண்டாவதைக் கேட்டாலே கொஞ்சம் உதறல்தான்.) தலையில் வைப்பது வெயிலுக்காக மட்டும் இல்லை என்று நம் ஜனங்களுக்கு எப்போதோ தெரியும். தெரியாமல் போனது ஒரு வெள்ளைக்கார ஜெனரலுக்கு.

அவர் பெயர் சர் ஜான் கிரடாக், மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி. 1805 நவம்பரில் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை ஒன்றைக் கொண்டுவந்தார். பேருக்குத்தான் தலைப்பாகை. வட்டமாக, பார்க்கத் தொப்பி மாதிரியே இருந்தது, அதில் தோலில் செய்த ஒரு சின்னம் வேறு! கூடவே, அணிவகுப்பில் திருநீறு, நாமம் கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை எல்லோருக்கும் ஒரே அளவு என்றும் உத்தரவு.

ஒரு தொப்பிக்கா இவ்வளவு என்று தோன்றும். ஆனால் அன்றைக்குத் தொப்பிக்காரன் என்றாலே பரங்கி. எங்கள் கடலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1690ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கிய கும்பினியார், பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை ஊர்களைத் தமதாக்கிக்கொண்டார்கள். 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். (இப்படி ஒரு நிலப்பதிவு எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை!) நூறு வருஷத்துக்கு மேல் இதையெல்லாம் பார்த்த சீமையில், தொப்பியோடு ஊருக்குப் போகிற சிப்பாயை மதம் மாறிவிட்டான் என்றுதான் உறவுக்காரர்கள் நினைப்பார்கள். தோல் எந்த மிருகத்தினுடையது என்ற சந்தேகம் இந்து, முஸ்லிம் இருவருக்குமே இருந்தது.

1806 மே மாதம் வேலூரில் ஒரு படைப்பிரிவு அதை அணிய மறுத்தது. முன்னின்ற இருவருக்கு, ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம், ஆளுக்கு 900 கசையடி. அதோடு வேலையும் போயிற்று. அடியை எண்ணிக்கொண்டு நின்ற மற்றவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும்?

ஜூலை 10 விடிவதற்குள் பதில் வந்தது. கோட்டைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர்கள் கொல்லப்பட்டார்கள், சிறைவைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகளை மனதில் வைத்து மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கிவிட்டார். அடக்கின விதம் கொடூரம், செத்த சிப்பாய்கள் சில நூறு பேர். பிறகு? உத்தரவு ரத்து. கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. 1857க்கு அரை நூற்றாண்டு முன்னால் நடந்தது இது. ஆனாலும் தோட்டாவில் கொழுப்பு கதை தெரிந்த அளவுக்கு இந்தத் தொப்பிக் கதை வெளியே தெரியவில்லை. அதில் எனக்குக் கோபம்தான்.

சரி, தலையில் அழகாக வைத்தவர் யார் என்று கேட்டால் என் ஓட்டு பாரதிக்கு. (எம்.ஜி.ஆர். ரசிகர்கள் மன்னிக்கவும், வெள்ளைத் தொப்பி இரண்டாம் இடம்.) காசியில் படித்த நாளில் பிடித்துக்கொண்ட முண்டாசு அது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியைக் கைது செய்து கடலூர்ச் சிறையில்தான் வைத்தார்கள். மூன்றரை வாரம்! சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

ஆனால் முண்டாசு கட்டிக்கொள்ளும் உரிமை நம் ஊரில் எல்லோருக்கும் இருந்ததா? வெள்ளைக்காரன் தலையில் வை என்றான், நம் ஆண்டைகளோ எடு என்றார்கள். பெரிய சாதிக்காரர் எதிரே வந்தால், வயலில் நிற்கிறவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டவேண்டும். அதை எதிர்த்த கூலியாட்களுக்கு நடுகல்லும் இல்லை, தபால் தலையும் இல்லை. இன்றும் சில தாத்தாக்களைப் பாருங்கள், யாராவது வண்டியை நிறுத்தி வழி கேட்டால்கூட அவர்கள் கை தானாகத் தலைத்துண்டுக்குப் போகும்.