லலிதாவின் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்?

ஆசிரியர்களே, அறிவியலில் சாதித்த பெண்கள் என்றதும் வகுப்பில் மேரி கியூரியின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். நம் மாணவிகளுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் ஏ. லலிதா. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர்.

சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் 1919இல் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்துபோனார். மகள் சியாமளாவுக்கு அப்போது நான்கு மாதம். கைம்பெண் என்றால் வீட்டு மூலையில் உட்கார வைத்த காலம் அது. லலிதா மேலே படிக்க முடிவெடுத்தார். மருத்துவம் படித்தால் நடுராத்திரியில் பிள்ளையை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும். அதனால் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார்.

அப்பா சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்னியல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசி இடம் வாங்கிக் கொடுத்தார். 1940இல் லலிதா சேர்ந்தபோது அங்கே வேறு பெண்களே இல்லை. அடுத்த ஆண்டு பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லைக் கையால் அடித்துத்தான் பெண்பாலில் எழுதிக் கொடுத்தார்களாம்! திரேசியா பிறகு கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

படித்தாயிற்று, வேலையில் நிலைக்க வேண்டுமே? 1948இல் லலிதா கல்கத்தாவில் ஒரு மின்பொறியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். சகோதரர் குடும்பம் அந்த ஊரில் இருந்தது. அம்மா வேலைக்குப் போன நேரத்தில் சியாமளா அந்த வீட்டில் வளர்ந்தாள். லலிதா மின்கம்பிப் பாதைகளை வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலகப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டுக்கும் போய்வந்தார்.

திறமையும் பிடிவாதமும் லலிதாவிடம் இருந்தன. கூடவே, இடம் கேட்டுக் கொடுத்த அப்பா இருந்தார், கதவைத் திறந்த முதல்வர் இருந்தார், பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஒரு வீடும் இருந்தது. இதில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தப் பட்டம் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

உம்பாய் வட்டாரத்தில் இருக்கும் நமக்கு இது புதிதில்லை. மலாக்கா ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்குப் போன தாய்மார்கள் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனார்கள். கொட்டகை இல்லையென்றால் பால்வெட்டு ஏது? பல வீடுகளில் மூத்த பெண்பிள்ளைதான் ஆயா ஆனாள். தம்பி தங்கைகளைத் தூக்கிச் சுமந்ததில் அவளுடைய படிப்பு போயிற்று.

தோட்டம் போயிருக்கலாம், அந்தப் பழக்கம் முழுசாகப் போகவில்லை. அறிவியல் புதிர்ப்போட்டிக்கோ கூடுதல் வகுப்புக்கோ ஒரு மாணவி வரவில்லையா? “ஆர்வம் இல்லை” என்று எழுதுவதற்கு முன், வீட்டில் சின்னப் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள். பெற்றோர் சந்திப்பில் லலிதாவின் கதையைச் சொல்லுங்கள். அவருடைய அப்பாவைப் பற்றியும், சியாமளாவை வளர்த்த வீட்டைப் பற்றியும் சேர்த்தே சொல்லுங்கள்.