சூலூர் பறவைகள்: விமானத்துக்கு விமானிகள் வைத்த பெயர்கள்

வெள்ளகோவிலில் கோவை பஸ் ஏறினால் காங்கயம், பல்லடம், காரணம்பேட்டை எல்லாம் தாண்டி சூலூர் வரும். அதுவரை தூங்கி வழிந்தவர்களும் அங்கே முழித்துக்கொள்வார்கள். விமானப்படைத் தளத்திலிருந்து ஏதாவது ஒன்று காதைப் பிளந்துகொண்டு கிளம்பும். உடனே பஸ்ஸில் ஆளுக்கொரு வார்த்தை. "அங்க பாரு கண்ணு, ஏரோப்ளேன்!" என்று பேரனுக்குக் காட்டுவார் ஓர் அப்புச்சி. "ஃபைட்டருங்க அது" என்று திருத்துவார் கண்டக்டர். பள்ளிப் புத்தகத்தில் அது வானூர்தி, தினசரிகளில் விமானம்.

சரி, உள்ளே உட்கார்ந்து அதை ஓட்டுகிறவர் என்னவென்று சொல்வார்?

அவரவர் தொழிலில் அவரவர் கருவிக்கு ஒரு சுருக்கமான வார்த்தை இருக்கும். வெள்ளகோவிலில் விசைத்தறி வைத்திருப்பவர் 'பவர்லூம் மெஷின்' என்று நீட்டி முழக்க மாட்டார், 'தறி' அவ்வளவுதான். லாரியோ, பஸ்ஸோ, டிவிஎஸ் 50-யோ, ஓட்டுகிறவருக்கு எல்லாமே 'வண்டி'. விமானிகளும் அப்படித்தான். காகிதத்தில் ஒரு பெயர், வாயில் இன்னொரு பெயர்.

முதலில் நம் சொல்லைப் பார்த்துவிடலாம். கோயில் கருவறைக்கு மேலே எழும்பி நிற்கிறதே, அதற்கும் விமானம் என்றுதான் பெயர். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஆயிரம் வருஷமாக ஓர் அங்குலம்கூட நகராமல் நிற்கிறது. ராவணனின் புஷ்பக விமானமோ பறந்தது. நகராததற்கும் பறப்பதற்கும் ஒரே சொல்! 'வானூர்தி'யும் நேற்று முளைத்த மொழிபெயர்ப்பு இல்லை. ஓட்டுபவன் இல்லாமலே செல்லும் வானவூர்தி ஒன்று புறநானூற்றிலேயே வருகிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் மனைவி விசயையை ஏற்றி அனுப்புவது ஒரு மயிற்பொறியில், அதாவது மயில் உருவில் செய்த பறக்கும் எந்திரத்தில். ஆக, பறக்கும் எந்திரத்துக்குப் பறவையின் உருவம் கொடுக்கும் யோசனை இங்கே புதிது இல்லை.

இங்கிலீஷ்காரர்கள் இரண்டு பக்கமிருந்தும் கடன் வாங்கினார்கள். ஒன்று பறவை, இன்னொன்று கப்பல். இந்திய விமானிகள் அலுவல் பேச்சில் சொல்வது 'ஏர்கிராஃப்ட்'. அதில் வரும் 'கிராஃப்ட்' என்பது சிறு கலங்களுக்கான சொல். விமானியின் தலைவர் கேப்டன், அவர் உட்காரும் இடம் காக்பிட், வால்பகுதியில் திருப்புவது ரட்டர், வேகத்தை அளப்பது நாட். எல்லாமே கப்பல் சரக்கு. அமெரிக்காவின் பழைய விமானிகள் தங்கள் விமானத்தை 'ஷிப்' என்றே சொன்னார்கள். பிரிட்டிஷ் விமானப்படையினர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 'கைட்' என்றார்கள். கைட் என்றால் பட்டம், பருந்து, இரண்டும்தான். இன்னும் செல்லமாகச் சொல்ல வேண்டுமென்றால் 'கிரேட்', அதாவது மரப்பெட்டி. தன் உயிரைத் தூக்கிக்கொண்டு பறக்கும் எந்திரத்தைப் பழைய பெட்டி என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

இந்த வரிசையில் திருப்பூர் பக்கத்துக்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய பெயர் 'ஸ்ட்ரிங்பேக்'. பிரிட்டிஷ் கடற்படையிடம் ஸ்வோர்ட்ஃபிஷ் என்று ஓர் இரட்டை இறக்கை விமானம் இருந்தது. ஸ்வோர்ட்ஃபிஷ் என்றால் வாள்மீன், கம்பீரமான பெயர். ஆனால் அதை ஓட்டியவர்கள் சந்தைக்குக் கொண்டுபோகும் நூல் வலைப்பையின் பெயரைச் சூட்டினார்கள். காரணம் என்ன? வலைப்பையில் எந்த வடிவச் சாமானைப் போட்டாலும் அதற்கேற்ப விரிந்து கொடுக்கும். இந்த விமானத்திலும் டார்ப்பிடோ, குண்டு, கண்ணிவெடி என்று எதை வேண்டுமானாலும் தொங்கவிடலாம். 1941 மே மாதம் ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலின் சுக்கானை முடக்கியது இந்த வலைப்பைதான்!

இப்போது கோவைக்கு வருவோம். கதையின் சுவையான பகுதி இங்கேதான் இருக்கிறது.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அதே ஆண்டு, கடலே கண்ணில் படாத கோவையில் பிரிட்டிஷ் கடற்படை ஒரு விமானப் பழுதுபார்ப்பு நிலையத்தை நிறுவியது. பெயர் எச்.எம்.எஸ். கருடா. எச்.எம்.எஸ். என்றால் 'மாட்சிமை தங்கிய மன்னரின் கப்பல்'. நொய்யல் ஆற்றில் கப்பலா என்று சிரிக்க வேண்டாம். அந்தக் கடற்படையின் வழக்கமே அதுதான். கடற்படை ஒழுங்குச் சட்டம், ஒரு போர்க்கப்பலின் புத்தகத்தில் பெயர் இருப்பவர்களைத்தான் கட்டுப்படுத்தும். கரையில் வேலை பார்ப்பவனையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர என்ன வழி? அவனை ஏதாவது ஒரு கப்பலின் கணக்கில் ஏற்று! அதற்காகக் கட்டடத்தையே கப்பல் என்று அறிவித்துவிட்டார்கள். மாலுமிகள் இதைக் கிண்டலாகக் 'கல் கப்பல்' என்றார்கள். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். லெட்ஜரில் ஒரு தலைப்பு இருந்தால்தானே பற்று எழுத முடியும், அந்தத் தலைப்புக்குக் கீழே நிஜத்தில் என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம்.

பிரிட்டிஷ் கடற்படை தன் விமான நிலையங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது வழக்கம். இந்தப் பக்கம் வந்தபோது இந்தப் பக்கத்துப் பறவைகளையே எடுத்துக்கொண்டார்கள். போரின் கடைசி ஆண்டுகளில் சூலூர் ஓடுதளம் எச்.எம்.எஸ். வைரி ஆனது. தாம்பரம் எச்.எம்.எஸ். வல்லூறு. கொச்சி எச்.எம்.எஸ். கழுகு. இலங்கையில் புத்தளம் நிலையத்துக்கு 'ராஜாலிய' என்று சிங்களப் பெயர். வைரி என்பது புறாவையும் ஓணானையும் பாய்ந்து பிடிக்கும் சின்ன வேட்டைப் பறவை. எதிரி என்றும் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. இந்தப் பெயர்களைத் தேர்ந்தெடுத்தவர் யாராக இருந்தாலும் பக்கத்தில் ஒரு நல்ல தமிழ் ஆளை வைத்துக்கொண்டுதான் செய்திருக்க வேண்டும்!

போர் முடிந்தது, வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள், பறவைகள் இடம் மாறின. சுதந்திர இந்தியக் கடற்படை 1953 மே 11 அன்று கொச்சியில் ஐ.என்.எஸ். கருடாவைத் தொடங்கியது. கோவைப் பெயர் கொச்சிக்குப் போய்விட்டது. ஆனால் சூலூரைக் கடற்படை மறந்துவிடவில்லை. இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்துக்கு ஜெட் விமானிகள் தேவைப்பட்டபோது, அவர்களுக்கான தளம் சூலூரில்தான் அமைந்தது. 1961 செப்டம்பர் 5 அன்று அங்கே தொடங்கப்பட்டது ஐ.என்.எஸ். ஹன்சா. ஹன்சா என்றால் அன்னம். இன்று கோவா விமான நிலையத்தோடு சேர்த்து எல்லோருக்கும் தெரிந்த அதே ஹன்சாதான். கோவா 1961 டிசம்பரில் விடுதலையானது. 1964இல் அன்னம் சூலூரிலிருந்து டபோலிமுக்குப் பறந்துவிட்டது.

ஹன்சாவில் இருந்த ஜெட்களின் பெயர்கள்? ஒன்று சீ ஹாக், கடல் பருந்து. இன்னொன்று வாம்பயர், ரத்தக் காட்டேரி. அன்னத்தின் கூட்டில் பருந்தும் காட்டேரியும்! கடற்படை விமானிகள் தாங்கள் கிளம்பி வந்த விமானந்தாங்கிக் கப்பலை ரேடியோவில் 'மதர்' என்பார்கள். இது பல நாட்டுக் கடற்படைகளில் உள்ள வழக்கம். எரிபொருள் குறைந்து, கீழே கடலைத் தவிர வேறொன்றும் தெரியாத நேரத்தில் அம்மா எங்கே என்று தேடுவதில் வியப்பில்லை.

பின்னாளில் தமிழ்நாட்டில் கடற்படை இன்னும் இரண்டு விமானத் தளங்களைத் திறந்தது. 1992இல் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி, 2009இல் ராமநாதபுரம் உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து. புத்தளத்து ராஜாலிய, அரக்கோணத்து ராஜாளி ஆகிவிட்டது பாருங்கள். அந்தக் காலத்து விமானிகளின் 'கைட்'டைத் தமிழில் போட்டால் வருவதும் பருந்துதானே. உச்சிப்புளியில் 2012இல் ஆளில்லா விமானங்களுக்கான படைப்பிரிவு ஒன்று சேர்ந்தது. ஓட்டுபவன் இல்லாத வானவூர்தி!

விமானப்படையின் கதை வேறு. அங்கே தமிழ்ப் பறவைகள் இல்லை, பெயர்கள் இந்தியிலும் சமஸ்கிருதத்திலும். 1953இல் பிரான்சிலிருந்து வந்த ஊரகான் (சூறாவளி) இங்கே தூஃபானி ஆனது. ஜாகுவார் ஷம்ஷேர் (வாள்), மிராஜ் வஜ்ரா, மிக்-29 பாஸ், ஐஎல்-76 கஜராஜ் என்று வரிசையாகப் பெயர் சூட்டினார்கள். இவற்றில் எத்தனை பெயர் வாய்க்குள் நுழைந்தது என்றால் கொஞ்சம்தான். ஜாகுவார் கடைசிவரை ஜாகுவார்தான். மிக்-27 மட்டும் 'பகதூர்' என்ற பெயரோடு நன்றாகவே ஒட்டிக்கொண்டது. உத்தரவு போட்டால் பெயர் வந்துவிடாது போலிருக்கிறது.

உத்தரவு இல்லாமலே வந்த பெயர்தான் நேட்டுக்குக் கிடைத்தது. நேட் என்றால் கொசு மாதிரி ஒரு பொடிப் பூச்சி. பிரிட்டனில் உருவான குட்டி விமானம், பக்கத்தில் ஆள் நின்றால் பொம்மை மாதிரி தெரியும். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் ஜெட்களை இது வீழ்த்தியதும் 'சேபர் ஸ்லேயர்', சேபரைக் கொன்றவன், என்று கொண்டாடினார்கள். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரைத் தாக்க ஆறு சேபர்கள் வந்தபோது நேட்டில் எழும்பிப் போரிட்டு உயிரிழந்தவர் ஃபிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகான். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே வீரர். பிறகு நேட்டை மேம்படுத்தி இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த விமானத்துக்கு அஜீத் என்று பெயர் வைத்தார்கள். வெல்லப்படாதவன் என்று அர்த்தம். (தல ரசிகர்கள் கவனிக்க!)

செகான் பறந்தது 18ஆம் எண் படைப்பிரிவில். அந்தப் பிரிவு நேட்டிலிருந்து அஜீத்துக்கும், பிறகு பகதூருக்கும் மாறி, 2016இல் கலைக்கப்பட்டு, 2020 மே 27 அன்று சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்றது. தேஜஸ் என்று பெயர் சூட்டியவர் பிரதமராக இருந்த வாஜ்பாய், 2003இல். 1980களில் திட்டம் தொடங்கியதிலிருந்து அதுவரை அது வெறும் எல்சிஏ, இலகுரகப் போர் விமானம். பெயர் வைத்து இருபது வருஷம் கடந்தும் விமானிகளின் பேச்சில் எல்சிஏ வந்துகொண்டேதான் இருக்கிறது. பெயர் வைக்கத் தாமதமான குழந்தையை 'பாப்பா' என்றே கூப்பிட்டுப் பழகிய வீடுகளில், அந்தப் பாப்பா காலேஜுக்குப் போன பின்பும் பாப்பாதானே!

சூலூரில் இன்னொரு படைப்பிரிவு, 33ஆம் எண். அதன் பெயர் 'கேரிபூஸ்'. கேரிபூ என்பது கனடாவின் பனிக்காட்டு மான். கோவையில் எங்கிருந்து வந்தது பனிமான்? 1960களில் இந்தப் பிரிவு ஓட்டியது கனடா தயாரிப்பான கேரிபூ சரக்கு விமானங்களை. அவை ஓய்வு பெற்று, சோவியத் தயாரிப்பான ஏஎன்-32 வந்த பிறகும் பிரிவு பழைய பெயரை விடவில்லை. ஏஎன்-32க்கு விமானப்படை கொடுத்த பெயர் சட்லெஜ், பஞ்சாபின் ஆறு.

2016 ஜூலை 22 காலை, அந்தப் பிரிவின் ஏஎன்-32 ஒன்று தாம்பரத்திலிருந்து, பழைய வல்லூறுவிலிருந்து, போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. உள்ளே 29 பேர். வங்காள விரிகுடாவின் மேலே ரேடாரிலிருந்து மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் வாரக்கணக்கில் தேடின. எதுவும் கிடைக்கவில்லை. காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த விமானம் சட்லெஜும் இல்லை, கேரிபூவும் இல்லை. கே-2743 என்ற பதிவு எண்தான்.

ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அனுப்பிய ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறிக் கிடந்த துண்டுகள் தெரிந்தன. ஏஎன்-32 விமானத்தோடு பொருந்துகின்றன என்றும், அந்தப் பகுதியில் வேறு விமானம் விழுந்ததாகப் பதிவு இல்லை என்றும் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.