கமராவின் இரு பக்கமும்: ஐடா லுப்பினோவின் கலை வாழ்வு

பெண்கள் பாடசாலையில் படித்தவர்களாகிய எமக்கு ஓர் அனுபவம் பொதுவானது. எங்கள் மேடையில் அரசனும் நாமே, அமைச்சனும் நாமே, வாயிற்காவலனும் நாமே. தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் பழகிய நாள்களில் தாடி ஒட்டியவளும் ஒரு மாணவி, திரை இழுத்தவளும் ஒரு மாணவி, "இன்னொருக்கால் முதலிலிருந்து செய்யுங்கோ" என்று நெறியாள்கை செய்தவளும் ஒரு மாணவிதான். இது ஆண்கள் பார்க்கும் வேலை என்று அங்கே ஒருவரும் எமக்குச் சொன்னதில்லை. பாடசாலைப் படலையைத் தாண்டிய பிறகுதான் வேலைகளுக்குப் பால் உண்டென்பதை நாம் அறிந்துகொண்டோம்.

நூறு ஆண்டு காணும் எமது சங்கத்தின் மலரில், ஏறக்குறைய அதே நூறாண்டுக் காலத்துக்குரிய ஒரு பெண்ணின் தொழில் வரலாற்றைப் பதிவு செய்வது பொருத்தமென எண்ணுகிறோம். அவர் எம் நாட்டவரல்லர். பெயர் ஐடா லுப்பினோ. நடிகை, நெறியாளர், தயாரிப்பாளர் என்ற மூன்று பொறுப்புகளையும் அமெரிக்கத் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் வகித்தவர்.

1918ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி இலண்டனில் அவர் பிறந்தார். தந்தை ஸ்ரான்லி லுப்பினோ புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர், தாயும் நடிகையே. பல தலைமுறைகளாக மேடையையே நம்பி வாழ்ந்த குடும்பம் அது. இலண்டன் ரோயல் நாடகக் கலைக் கழகத்தில் பயின்று, 1933இல், பதினைந்து வயதில், ஹொலிவூட்டுக்குச் சென்றார். அடுத்த ஆண்டே இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. அதிலிருந்து மீண்டு மறுபடியும் நடிக்க வந்தார்.

வோர்னர் சகோதரர் நிறுவனத்துக்காக அவர் நடித்த 'ஹை சியரா' (1941) முதலிய படங்கள் அவருக்குப் பெரும் பெயர் தந்தன. 'த ஹார்ட் வே' (1943) படத்துக்காக நியூயோர்க் திரைப்பட விமர்சகர்கள் அவரைச் சிறந்த நடிகையாகத் தெரிந்தனர். ஆயினும் அந்த நிறுவனத்தில் முதலிடம் பெற் டேவிஸுக்கே இருந்தது. தமக்குப் பிடிக்காத வேடங்களை லுப்பினோ மறுத்தார். மறுத்த நடிகையைச் சம்பளமின்றி ஒதுக்கி வைப்பது அக்கால வழக்கம். அப்படி ஒதுக்கப்பட்ட நாள்களை அவர் வீணாக்கவில்லை. படப்பிடிப்புத் தளத்தில் நின்று நெறியாளர்கள் காட்சியை எப்படி அமைக்கிறார்கள், படத்தொகுப்பாளர்கள் அதை எப்படி வெட்டி ஒட்டுகிறார்கள் என்று கவனித்தார். தண்டனையாக வந்த ஓய்வே அவருக்குப் பயிற்சிக் காலமாயிற்று.

1949இல் கணவர் கொலியர் யங்குடனும் வேறு சிலருடனும் சேர்ந்து சிறு படங்களைத் தயாரிக்கத் தொடங்கினார். முதற்படம் 'நொட் வோண்டட்', மணமாகாமல் தாயாகும் ஓர் இளம் பெண்ணின் கதை. படப்பிடிப்புத் தொடங்கிய சில நாள்களிலேயே நெறியாளர் எல்மர் கிளிஃப்ற்றனுக்கு மாரடைப்பு ஏற்பட்டது. லுப்பினோ அந்த வேலையைத் தாமே ஏற்று முடித்தார். ஆனால் திரையில் நெறியாளர் என்று தமது பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை; மூத்தவரின் பெயரையே விட்டுவிட்டார்.

தொடர்ந்து, இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட நடனப் பெண்ணொருத்தியைப் பற்றி 'நெவர் ஃபியர்' என்ற படத்தைத் தம் பெயரிலேயே நெறிப்படுத்தினார். நோயை உடலால் அறிந்தவர் எடுத்த படம் அது. 1950இல் வந்த 'அவுட்ரேஜ்' பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் அதன்பின் எப்படி வாழ்கிறாள் என்பதைப் பேசியது. அந்தக் குற்றத்தின் பெயரைத் திரையில் உச்சரிக்கக்கூடத் தணிக்கை விதிகள் இடந்தராத காலம். பெயரைச் சொல்லாமலே அதன் வேதனையை அவர் காட்டினார். 1953இல் 'த ஹிச் ஹைக்கர்' என்ற குற்றக் கதையையும், தாமே ஒரு முக்கிய வேடத்தில் நடித்த 'த பிகமிஸ்ற்' படத்தையும் நெறிப்படுத்தினார்.

அந்நாளில் ஹொலிவூட்டில் அவரைத் தவிரப் படம் நெறிப்படுத்திக்கொண்டிருந்த பெண் இல்லையென்றே சொல்லலாம். அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்த டொரதி ஆர்ஸ்னரின் கடைசிப் படம் 1943இல் வெளிவந்திருந்தது. நெறியாளர் சங்கக் கூட்டங்களில் "கனவான்களே" என்ற விளிப்போடு செல்வி லுப்பினோவின் பெயரையும் தனியே சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்ததாம். இதைப் பெருமையென்பதா, தனிமையென்பதா? இரண்டுமே என்றுதான் எமக்குத் தோன்றுகிறது.

அவர்களுடைய நிறுவனம் பட விநியோகத்தையும் தானே செய்ய முனைந்து, பெரிய நிறுவனங்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஐம்பதுகளின் நடுப்பகுதியில் ஓய்ந்தது. திரைப்படக் கதவு சாத்தப்பட்ட வேளையில் திறந்த கதவுதான் தொலைக்காட்சி. டிக் பவல், சாள்ஸ் போயர், டேவிட் நிவன் ஆகிய மூவரும் நடத்திய 'ஃபோர் ஸ்டார் பிளேஹவுஸ்' நாடக வரிசையில் நான்காவது நட்சத்திரமாக லுப்பினோ தொடர்ந்து நடித்தார். நிகழ்ச்சியின் பெயரில் நான்கு நட்சத்திரங்கள். நிறுவனத்தின் பங்குகளிலோ நான்காமவருக்கு இடமில்லை. 1957இல் தொடங்கிய 'மிஸ்ரர் அடம்ஸ் அண்ட் ஈவ்' என்ற நகைச்சுவைத் தொடரில் மூன்றாவது கணவர் ஹவர்ட் டஃப்புடன், ஒரு நடிகத் தம்பதியராகவே தோன்றினார். அத்தொடரைத் தயாரித்த நிறுவனத்துக்கு அவர்களுடைய மகளின் பெயரே இடப்பட்டிருந்தது.

1956 முதல் அவர் தொலைக்காட்சி நாடகங்களை நெறிப்படுத்தலானார். வாராவாரம் புதிய கதை வேண்டும், அரை மணி நேர நாடகத்தைச் சில நாள்களில் எடுத்து முடிக்க வேண்டும், செலவும் கட்டுக்குள் நிற்க வேண்டும். சிறு முதலில் படமெடுத்துப் பழகியவருக்கு இது புதிதல்ல. காட்சிகளை முன்கூட்டியே திட்டமிட்டு வருவார். நடிகர்களின் நேரத்தைத் தின்னமாட்டார். பெண்ணென்பதால் குடும்பக் கதைகள்தான் கிடைத்திருக்கும் என்று நாம் நினைக்கலாம். நடந்தது நேர்மாறு. குதிரையும் துப்பாக்கியும் நிறைந்த 'ஹாவ் கன் வில் ட்ரவல்', கொள்ளைக் கும்பல்களின் கதையான 'த அன்ரச்சபிள்ஸ்', திகில் கதைகளான 'த்ரில்லர்', ஹிச்சொக்கின் மர்ம நாடகங்கள் என்பவையே அவரைத் தேடி வந்தன. 'த ருவைலைற் சோன்' மூலத் தொடரில் ஒரு நாடகத்தில் நடித்து இன்னொன்றை நெறிப்படுத்தியவர் அவர் ஒருவரே. அத்தொடரை நெறிப்படுத்திய ஒரே பெண்ணும் அவரே.

படப்பிடிப்பில் அவர் அமரும் கதிரையின் பின்புறத்தில் 'எங்கள் எல்லோருக்கும் அம்மா' என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. ஆண்களுக்குக் கட்டளையிடுவதாகத் தோன்றினால் வேலை நடவாது என்பதை அறிந்து, தாயொருத்தி பிள்ளைகளிடம் உதவி கேட்பது போல அவர் பேசுவார். அந்த உபாயம் பலித்தது. ஆனால் ஓர் ஆண் நெறியாளர் தம் வேலையைச் செய்விக்கத் தந்தை வேடம் போட வேண்டியிருக்கவில்லை. எம் ஊர்களிலும் அதிகாரத்தில் உள்ள பெண்ணை 'அம்மா' என்றழைத்தே பலர் அவர் சொற் கேட்கிறார்கள். அதில் அன்பு இருக்கிறது. அவரது தகைமையை மட்டும் பார்த்துக் கீழ்ப்படிய விரும்பாத தயக்கமும் இருக்கிறது.

எங்களுக்கு மிக நெருக்கமானது அவரது 1966ஆம் ஆண்டுத் திரைப்படமான 'த ட்ரபிள் வித் ஏஞ்சல்ஸ்'. கன்னியர் மடப் பாடசாலையொன்றில் விடுதியில் தங்கிப் படிக்கும் இரு குறும்புக்கார மாணவிகளையும், அவர்களைக் கட்டி மேய்க்கும் மடத் தலைவியையும் பற்றிய கதை. ஹேலி மில்ஸ் மாணவியாகவும் ரோசலின்ட் ரசல் தலைவியாகவும் நடித்தார்கள். விடுதி வாழ்க்கையை அறிந்த பழைய மாணவிகள் அதைப் பார்த்தால், கண்டிப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த கரிசனையைத் தாம் எந்த வயதில் புரிந்துகொண்டோம் என்று நிச்சயம் எண்ணிப் பார்ப்பார்கள். முந்திய திரைப்படத்துக்கும் இதற்குமிடையே பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. இதன்பின் திரைப்படம் நெறிப்படுத்தும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவேயில்லை.

எழுபதுகளில் 'கொலம்போ' போன்ற தொடர்களில் நடித்து, அந்தப் பத்தாண்டு முடியுமுன் தொழிலிலிருந்து விலகினார். எம் நாட்டுக்குத் தொலைக்காட்சி 1979இல் வந்தபோது அவரது பணி நிறைவடைந்துவிட்டது. 1995 ஓகஸ்ற் 3ஆம் திகதி, 77ஆவது வயதில் காலமானார். 1998இல் 'த ஹிச் ஹைக்கர்' அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இவ்வாழ்விலிருந்து நாம் பெறும் பாடம் 'முயன்றால் முடியும்' என்பதோடு நின்றுவிடுவதில்லை. அவருக்கு முயற்சியிலும் திறமையிலும் குறைவிருக்கவில்லை. சொந்த நிறுவனம் இருந்தவரை எந்தக் கதையைச் சொல்வதென்று அவரே தீர்மானித்தார். அது போனபின் பிறர் கொடுத்த கதைகளை அழகாகச் செய்து கொடுத்தார். வாராந்த நாடகமொன்றின் நெறியாளர் யாரென்று பார்த்தவர்களிற் பெரும்பாலோர் கவனித்திருக்கவும் மாட்டார்கள். நடிக்கும் வாய்ப்பு ஒன்று, நடத்தும் உரிமை இன்னொன்று என்பதை அவரது கதை தெளிவாகக் காட்டுகிறது.

எம்மிற் பலர் இன்று பல தேசங்களில் நிறுவனங்களிலும் வைத்தியசாலைகளிலும் கலையகங்களிலும் பொறுப்பான வேலைகளில் இருக்கிறோம். வேலையை நாம் செய்து, பெயரை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கும் பழக்கம் எம்மிடமும் உண்டு. ஆகவே இம்மலரை வாசிக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் காலத்துப் பாடசாலை நாடகங்களின் நிகழ்ச்சி நிரல்களோ புகைப்படங்களோ கைவசமிருந்தால் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். நடித்தவரின் பெயரோடு, எழுதியவர், நெறிப்படுத்தியவர், உடை தைத்தவர், ஒளி அமைத்தவர் பெயர்களையும் மறவாமல் குறித்து அனுப்புங்கள்.