மருத்துவத்தின் நான்காம் கூறு



திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து பணி செய்பவனே உழைச்செல்வான். இன்று செவிலியர் ஆற்றும் தொண்டு அதுவே. நம் நாட்டின் மருத்துவ வரலாற்றில் நெடுங்காலமாகக் குறைபட்டு நிற்பது இந்த நான்காம் கூறாகும். அக்குறை எவ்வாறு நேர்ந்தது, அதனால் விளைந்தது யாது என்பதை இன்று காண்போம்.

1854-ஆம் ஆண்டில் கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களைப் பேணப் புறப்பட்ட பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார், 38 பெண்களைத் தம்முடன் அழைத்துச் சென்றார். பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும் என்னும் உணர்வு அதன்பின் உலகெங்கும் பரவிற்று. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. முதலில் சேர்ந்தோர் நால்வரே. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பள்ளி தோன்றியது. 1926-இல் சென்னை மாகாணம் செவிலியர் பதிவுக்கெனச் சட்டம் இயற்றியது. 1946-இல் வேலூரில் பட்டப்படிப்பும் வந்தது.

பள்ளிகள் பெருகியும் குறை தீரவில்லை. இரவில் வேலை செய்வதும், அயலாரைத் தொட்டுத் துடைப்பதும் குடும்பப் பெண்களுக்கு ஏற்றவையல்ல என்று பெற்றோர் தடுத்தனர். ஊதியமும் குறைவு, மதிப்பும் குறைவு. இதன் விளைவை 1946-இல் போர் குழு தன் அறிக்கையில் எண்களால் காட்டிற்று. அந்நாளில் பிரிட்டிஷ் இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் இருந்தார். இங்கிலாந்திலோ 300 பேருக்கு ஒருவர். 1971-க்குள் 500 பேருக்கு ஒருவர் என்னும் நிலையை எய்த வேண்டும் என்று அக்குழு கூறியது.

செவிலியர் குறைந்தால் நேர்வது என்ன? தொண்டூரில் வயலுக்குச் சென்ற உழவர் ஒருவரைப் பாம்பு தீண்டியதாக எண்ணிப் பாருங்கள். அவரைச் செஞ்சி மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்வர். மருத்துவர் நச்சுமுறி மருந்தைச் செலுத்தச் சொல்வார். அம்மருந்தே சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். நஞ்சு மூச்சையும் தளர்த்தக் கூடும். ஆகவே மூச்சையும் நாடியையும் இரவெல்லாம் ஒருவர் கவனித்திருத்தல் வேண்டும். ஒரே செவிலியர் முப்பது கட்டில்களைப் பார்ப்பாராயின், மூச்சுத் தளரும் வேளையில் அவர் வேறொரு கட்டிலருகே நிற்பார். எட்டாண்டு முற்றுகையைத் தாங்கி 1698-இல் வீழ்ந்த செஞ்சிக் கோட்டையை அத்துணைக் காலம் காத்தவை மதில்கள் மட்டுமா? இரவில் கண் துஞ்சாத காவலரும் அல்லரோ!

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் லிண்டா எய்க்கனும் துணைவரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும், அறுவை மருத்துவம் பெற்றோர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்ந்தது. செவிலியர் மனமும் உடலும் சோர்ந்து போகும் வாய்ப்பு 23 விழுக்காடு உயர்ந்தது. சோர்ந்தவர் பணியை விட்டு நீங்குவர்; எஞ்சியவர் சுமை மேலும் கூடும். குறையே குறையை வளர்க்கின்றது.

இந்தியச் செவிலியர் மன்றம், கற்பிக்கும் மருத்துவமனைகளின் பொதுப் பிரிவில் மூன்று நோயாளிக்கு ஒருவரும், பிற மருத்துவமனைகளில் ஐவருக்கு ஒருவரும் வேண்டும் என வகுத்தது. எனினும் தமிழகத்தில் 2015-இல் தேர்வு எழுதித் தெரிவான ஆயிரக்கணக்கானோர், மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்திலேயே அமர்த்தப்பெற்றனர். நிலையான பணி கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் கூடிப் போராடினர். பயிற்சி பெற்றோர் நாட்டில் உளர். அவர்களை உரிய ஊதியத்துடன் போதிய எண்ணிக்கையில் அமர்த்துவதிலேதான் குறை உளது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

இளைஞர்களே! மருத்துவராக விரும்புவோர் உங்களுள் பலர். செவிலியராக விரும்பும் தோழியையோ தோழனையோ எள்ளி நகையாடாதீர்கள். நாளை நீங்கள் வாக்களிக்கும்போதும், ஆட்சிப் பொறுப்பு ஏற்கும்போதும், மருத்துவமனையில் கட்டில் எத்தனை என்று மட்டும் கேளாமல், கட்டிலருகே நிற்போர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.